கணவனும் மனைவியும் சேர்ந்து பி.டி.எஸ்.டி.க்குச் சிகிச்சை பெறுவது எப்படி?

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் உடன் சென்றவர்களைப் பறிகொடுத்துக் கரை திரும்பிய மீனவர் ஒருவர், காற்று வலுக்கும் இரவுகளில் இன்றும் உறங்காமல் விழித்திருந்து, கடலின் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிறார் என்றால், அது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி. என்னும் மனநோயாக இருக்கலாம். குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் இதைக் கோழைத்தனம் என்று எவரும் சொன்னால் பொருட்படுத்தாதீர்கள்.

இத்தகைய வீடுகளில் மனைவி வானிலைச் செய்தி வந்ததும் தொலைக்காட்சியை அணைப்பார்; தொழிலுக்கு அழைக்க வருபவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லி அனுப்புவார்; பிள்ளைகளின் வாயையும் அடைப்பார். அன்பினால் செய்வதுதான், ஆனால் அச்சத்தைத் தரும் ஒவ்வொன்றிலிருந்தும் கணவர் விலகி நிற்க அது துணைபோவதால் நோய் வேரூன்றுகிறது. தம்பதியரை ஒன்றாக அமர்த்தும் சி.பி.சி.டி. என்னும் 15 அமர்வுப் பேச்சுச் சிகிச்சை இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. நடந்ததை நுணுக்கமாக விவரிக்கும்படி அதில் வற்புறுத்துவதில்லை.

இச்சிகிச்சையுடன், எக்ஸ்டசி என்ற பெயரில் போதைக்காகவும் விற்கப்படும் எம்.டி.எம்.ஏ. மருந்தை இருவருக்கும் கொடுத்துப் பார்த்த முன்னோட்ட ஆய்வு ஒன்று 2020இல் வெளியாயிற்று. பலன் தெரிந்தது உண்மை. ஆனால் பங்கேற்றவை ஆறே தம்பதிகள், ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழுவும் இல்லை. பி.டி.எஸ்.டி.க்கு இம்மருந்தை ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் வழியாக மட்டும் தருகிறது. அமெரிக்கா 2024 ஆகஸ்டில் ஒப்புதல் மறுத்தது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி இதை வைத்திருப்பதே குற்றம். இரகசியமாக வாங்கி விழுங்குவது, இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவருக்கும் மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்கும் உயிராபத்தாகலாம்.

ஆகவே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவருமாகச் செல்லுங்கள். அல்லது அரசின் மனநல உதவிக்கான 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசுங்கள். "எங்கள் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசுவீர்களா?" என்று நீங்களே கேட்க வேண்டும். கணவர் அடிப்பவராக இருந்தால் கூட்டு அமர்வு வேண்டாம். முதலில் பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது, மருத்துவரின் வழிகாட்டலோடு, தவிர்த்துவந்த ஒன்றைச் சிறிது சிறிதாக இருவரும் சேர்ந்து நெருங்குவது. முதலில் மாலையில் கடற்கரை வரை நடந்துவிட்டுத் திரும்பலாம். அது பழகிய பின் கரையேற்றிய வள்ளத்தின் அருகே சற்று நேரம் உட்காரலாம். அன்று குடி கூடாது. திரும்பியதும் என்ன உணர்ந்தீர்கள் என்பதை ஒருவர் சொல்ல, மற்றவர் அறிவுரை கூறாமல் கேட்க வேண்டும்; இது எளிதன்று, பலரும் இங்கேதான் தடுமாறுவார்கள். இதற்கிடையில் செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை தரப்பட்டிருந்தால், உறக்கம் திரும்பிவிட்டது என்பதற்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.