இளங்கிளி பறக்கக் கற்கும் காலம்: இறக்கை வெட்டும் முடிவும் ஹார்னஸ் பழக்கமும்

கிளிக்குஞ்சு வாங்கும்போது, இறக்கையை வெட்டித் தரட்டுமா, அதாவது பறந்துவிடாதபடி இறக்கையின் இறகுகளைக் கத்தரித்துத் தரட்டுமா என்று விற்பவர் கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு உடனே சம்மதம் சொல்லிவிட வேண்டாம். குஞ்சு முதன்முதலாகப் பறக்க முயலும் சில வாரங்களில்தான் அதன் மார்புத் தசைகள் வலுப்பெறுகின்றன, தூரத்தையும் உயரத்தையும் கணிக்கும் திறன் உருவாகிறது, விழாமல் இறங்கும் நம்பிக்கையும் பிறக்கிறது. அந்தப் பருவத்தில் இறக்கை வெட்டப்பட்ட பறவைக்குப் பின்னாளில் இறகுகள் முழுமையாக வளர்ந்தாலும், அவற்றைப் பயன்படுத்தத் தெரியாமல் தடுமாறும் நிலை ஏற்படலாம். ஆகவே முதலில் குஞ்சு பறக்கவும் இறங்கவும் கற்கட்டும், அதே வாரங்களில் ஹார்னஸும், அதாவது உடலில் மாட்டும் கயிறு இணைந்த பட்டையும், பழகட்டும். வெட்டுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம். இந்த வரிசை மாறக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பறக்கும் வயது இனத்துக்கு இனம் மாறும். பட்ஜி, காக்கடீல் போன்ற சிறு கிளிகளின் குஞ்சுகள் ஏறத்தாழ 5 வாரத்திலும், சிறிய கன்யூர் கிளிகள் 7 அல்லது 8 வாரத்திலும் பறக்க முயலும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 10 முதல் 12 வாரம் வரை ஆகலாம். பெரிய மக்காவ் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 3 மாதம் பிடிக்கும். வயதைவிடக் குஞ்சின் நடத்தையே நம்பகமான அடையாளம். கால்களால் குச்சியை இறுகப் பற்றிக்கொண்டு இறக்கைகளைப் படபடவென்று அடிக்கும், உணவில் நாட்டம் குறையும், உடல் எடையும் சற்று இறங்கும். கிராம் கணக்கில் காட்டும் தராசில் தினமும் காலையில் உணவூட்டும் முன் எடை பார்த்துக் குறித்து வைத்தால், இந்த இயல்பான இறக்கத்தையும் நோயால் வரும் மெலிவையும் பிரித்தறிய முடியும். சுறுசுறுப்பாக இருக்கும் குஞ்சின் எடை சிறிதளவு குறைந்தால் கவலை வேண்டாம்; ஆனால் அது சோர்ந்து உட்கார்ந்திருந்தாலோ, கழுத்தடியில் உணவு தங்கும் தீனிப்பை காலியாகாமல் நின்றாலோ அன்றைக்கே பறவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பறக்கத் தொடங்கிவிட்டது என்பதற்காகக் கையால் உணவூட்டுவதை அவசரமாக நிறுத்துவதும் தவறு.

பயிற்சிக்கு முன் அறையைத் தயார் செய்ய வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, சுவிட்சை வேறு யாரும் போடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சன்னல் இருப்பதைக் குஞ்சால் அறிய முடியாது என்பதால் திரையை இழுத்து விடுங்கள்; நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். நீர் நிறைந்த வாளி, எரியும் அடுப்பு, நாய், பூனை ஆகியவை அருகில் இருக்கவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமாகச் சூடேறும்போது வெளிவரும் புகை பறவைகளை மிக விரைவில் கொன்றுவிடும். அதைப் பயிற்சி நேரத்தில் மட்டுமல்லாமல் எப்போதுமே தவிர்க்க வேண்டும்.

எழும்பிப் பறப்பதைக் குஞ்சுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இறங்குவதைத்தான் அது பழகிப் பழகிக் கற்கிறது. தேர்ந்த பறவை இறங்கும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். குச்சியை நெருங்கும்போது உடலை ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்த்தி, வாலை விசிறி போல விரித்து, இறக்கைகளை முன்னோக்கி அடித்து வேகத்தைக் குறைத்து, கால்களை முன்னே நீட்டிப் பற்றும். கற்றுக்குட்டியோ தலையை முன்னே நீட்டியபடி அதே வேகத்தில் வந்து மோதும், அல்லது திரைச்சீலையில் தொற்றிக்கொள்ளும். இந்தத் தடுமாற்றம் இயல்பானது. இதைக் கண்டு பயந்து இறக்கையை வெட்டச் சொல்பவர்களே அதிகம்.

முதலில் குச்சியிலிருந்து உங்கள் கைக்கு ஓர் எட்டு வைத்து வரும் தூரத்தில் தொடங்குங்கள். கைக்கு வந்ததும் அதற்கு மிகவும் பிடித்த தீனியில் ஒரு சிறு துண்டு கொடுங்கள். பிறகு ஒரே ஒரு முறை இறக்கையடித்துத் தாவும் தூரம், அடுத்து இரண்டு மூன்று அடி, அதன் பின் அறையின் மறுகோடி என்று படிப்படியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லால் அல்லது ஒரே சீட்டியொலியால் அழைத்தால், கூப்பிட்டால் வரும் பழக்கமும் கூடவே பதியும். நேர்க்கோட்டில் நன்றாக வரத் தொடங்கியதும், கதவு மூலையைச் சுற்றித் திரும்பி வரும்படி நின்று அழையுங்கள். உயரமான இடத்திலிருந்து கீழே இறங்கி வருவதே எல்லாவற்றிலும் கடினம். வெளியே தப்பிப்போன வளர்ப்புக் கிளி, சொந்தக்காரர் கீழே நின்று அழைத்தும் இறங்க வழி தெரியாமல் மரத்தின் உச்சியில் அமர்ந்து கத்திக்கொண்டே இருப்பதற்கு இந்தப் பயிற்சி இல்லாததும் ஒரு காரணம். ஆகையால் அலமாரியின் மேலிருந்தும், மாடிப்படியின் மேற்படியிலிருந்தும் கைக்கு இறங்கி வரும் பயிற்சியைத் தனியாகவும் நிறைய நாட்களுக்கும் கொடுங்கள்.

பயிற்சியை உணவு வேளைக்குச் சற்று முன்பு வைத்துக்கொண்டால் குஞ்சு ஆர்வத்தோடு வரும். அதற்காகப் பட்டினி போடக் கூடாது. அலகைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டாலோ அன்றைய பயிற்சியை அத்துடன் முடித்துவிடுங்கள். கையை உதறிக் குஞ்சைக் காற்றில் தள்ளுவதும், துரத்திப் பறக்க வைப்பதும் கூடவே கூடாது.

ஹார்னஸ் என்பது கழுத்தையும் மார்பையும் சுற்றி, இறக்கைகளுக்குத் தடையில்லாமல் அமையும் பட்டையும் அதனுடன் இணைந்த கயிறும் ஆகும். காலில் வளையமோ சங்கிலியோ மாட்டிக் கட்டுவது இதற்கு மாற்றாகாது. பறந்த வேகத்தில் கயிறு இழுபடும்போது கிளியின் மெல்லிய கால் எலும்பு முறிந்துவிடக்கூடும். வளர்ந்த கிளிக்கு ஹார்னஸ் பழக்கப் பல மாதங்கள்கூட ஆகலாம். உடலெங்கும் தொட்டுப் பழகிய இளங்குஞ்சோ, முளை இறகுகள் பெரும்பாலும் விரிந்த நிலையில், சில வாரங்களிலேயே அதை ஏற்றுக்கொள்ளும்.

முதல் சில நாட்கள் ஹார்னஸைத் தீனிக் கிண்ணத்தின் அருகே வெறுமனே போட்டு வையுங்கள். குஞ்சு அதை அலகால் தொட்டால் தீனி கொடுங்கள். அடுத்து, கழுத்து வளையத்தை அகலமாக விரித்துப் பிடித்து, மறுபக்கத்தில் தீனியைக் காட்டுங்கள். குஞ்சு தானாகவே தலையை நுழைத்து எடுக்க வேண்டும். வளையத்தை நீங்கள் அதன் தலைமேல் தள்ளக் கூடாது. இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் குஞ்சு ஹார்னஸைக் கண்டதுமே ஓடத் தொடங்கும், அந்தப் பயத்தை மாற்ற வெகுகாலம் ஆகும். தலையை நுழைத்து நிதானமாக இருக்கப் பழகிய பிறகே இறக்கைகளை மெல்லத் தூக்கி, மார்புப் பட்டையை மாட்டுங்கள். முதலில் சில நொடிகள் போதும். பின்னர் சில நிமிடங்கள் அணிவித்து, அந்த நேரம் முழுவதும் விளையாட்டும் தீனியுமாகக் கழியச் செய்யுங்கள். கழற்றுவதையும் இதே பொறுமையோடு பழக்க வேண்டும்.

பறவைகளுக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அவற்றால் மூச்சு விட முடியும். ஆகவே பட்டை இறுக்கமாக இருக்கவே கூடாது. அதே நேரத்தில் இறக்கையோ அலகோ சிக்கும் அளவுக்குத் தளர்வாகவும் தொங்கக் கூடாது. இழுபட்டால் நீளும் தன்மையுள்ள கயிறு நல்லது. அதன் முனை எப்போதும் உங்கள் மணிக்கட்டில் இருக்கட்டும், பறவை முழு வேகத்தில் கயிற்றின் எல்லைவரை பாய விடாதீர்கள். கிளிகள் பட்டையைக் கடிக்கும் இயல்புடையவை என்பதால் ஒவ்வொரு முறையும் தையலையும் கொக்கியையும் விரலால் தடவிச் சோதியுங்கள். ஹார்னஸோடு கூண்டில் தனியே விடாதீர்கள். வெளியே முதல்முறை செல்லும்போது அமைதியான இடமாக, வெயில் தணிந்த நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நாய்களையும், வானில் வட்டமிடும் பருந்து, வல்லூறு போன்றவற்றையும் கவனித்தபடியே இருங்கள்.

இனி, இறக்கை வெட்டுதல். எப்போதும் திறந்து கிடக்கும் வாசல், சிறு குழந்தைகள், மூடிவைக்க முடியாத சமையலிடம் என்று தவிர்க்க இயலாத ஆபத்து உள்ள வீட்டில் அது தற்காலிகமாகத் தேவைப்படலாம் என்பதை மறுக்கவில்லை. அப்படியானாலும் பறவை நன்றாகப் பறந்து இறங்கக் கற்ற பின்னரே, அதுவும் பறவை மருத்துவரிடமே செய்ய வேண்டும். கிளியின் ஒவ்வோர் இறக்கையிலும் வெளிப்புறத்தில் 10 முதன்மை இறகுகள் உண்டு. அவற்றில் சிலவற்றை மட்டும், இரண்டு இறக்கைகளிலும் சமமாகக் குறைத்து, பறவை எப்படி இறங்குகிறது என்று பார்த்த பிறகே மேலும் குறைப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். சரியாக வெட்டப்பட்ட பறவை மெல்லச் சரிந்து தரையில் இறங்கும். கல்லைப் போல விழுந்தால் அளவுக்கு மேல் வெட்டியாயிற்று என்று பொருள். உடல் கனமான சாம்பல் கிளி அவ்வாறு விழும்போது மார்பெலும்பின் மேலுள்ள தோல் பிளந்துவிடக்கூடும். ஒரே இறக்கையை மட்டும் வெட்டினால் பறவை சமநிலை இழந்து சுழன்று விழும். அந்த முறைக்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

முற்றிய இறகு நகத்தைப் போன்றது, வெட்டினால் வலிக்காது. வளர்ந்துகொண்டிருக்கும் இறகின் தண்டிலோ இரத்தம் ஓடும். தண்டு கருநீலமாகத் தெரிந்தால் அதைத் தொடவே கூடாது. தவறி வெட்டுப்பட்டால் சோளமாவை வைத்து மெல்ல அழுத்திப் பிடித்து, இரத்தம் நிற்காவிடில் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எல்லா முதன்மை இறகுகளையும் ஒருசேர வெட்டிய பறவைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: புதிதாக முளைக்கும் இரத்த இறகுக்கு இருபுறமும் அணைப்பாக நிற்க முழு இறகுகள் இல்லாததால், அது எளிதில் அடிபட்டு உடையும்.

இறக்கை வெட்டியாயிற்று என்ற நம்பிக்கையில் ஹார்னஸ் இல்லாமல் தோளில் வைத்து வெளியே செல்வது பெரும் ஆபத்து. இலேசான காக்கடீல் சில இறகுகளை இழந்த நிலையிலும் திடுக்கிட்டு எழும்பும், ஒரு நல்ல காற்று வீசினால் கூரையைத் தாண்டிவிடும்.

ஏற்கெனவே வெட்டப்பட்ட குஞ்சு உங்கள் கைக்கு வந்திருந்தால், இறகு உதிர்ந்து புதியது முளைக்கும்வரை காத்திருங்கள்; அதற்குச் சில மாதங்கள் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். அதுவரை உங்கள் விரலைப் பற்றியிருக்கும் நிலையில் கையை மெல்லத் தாழ்த்தி இறக்கையடிக்கத் தூண்டுங்கள், ஏறி இறங்க ஏணிகளும் கயிறுகளும் கொடுங்கள், குச்சிகளைத் தாழ்வாக அமைத்துக் கீழே கனமான விரிப்பைப் போடுங்கள். புதிய இறகுகள் முளைத்து முற்றியதும், பறக்கும் பயிற்சியைக் குஞ்சுக்குச் செய்ததைப் போலவே ஓர் எட்டுத் தூரத்திலிருந்து தொடங்கலாம்.