மூடின தியேட்டரோட கதைய தோண்டி எடுக்கிறது எப்படி

ஒரு தெருவுல இப்ப சூப்பர் மார்க்கெட் இருக்கும், இல்ல பார்க்கிங் இருக்கும், இல்ல வெறும் காலி மனையா கம்பி வேலி போட்டு கெடக்கும், ஆனா அந்தப் பக்கம் போற வயசானவங்கள கேட்டா "இங்கதான் தியேட்டர் இருந்துச்சு"ன்னு கைய நீட்டி காட்டுவாங்க. எப்ப கட்டினாங்க, யாரு கட்டினாங்க, எத்தன சீட்டு, எப்ப மூடினாங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ஊர் நடுவுல இருந்த பெரிய தியேட்டருக்கெல்லாம் போட்டோ இருக்கு, கட்டுரை இருக்கு. நடந்தே போய் செகண்ட் ஷோ பாத்துட்டு வர்ற மாதிரி ஏரியாக்குள்ள இருந்த சின்ன தியேட்டர பத்தி யாரும் உக்காந்து எழுதல. அதுக்காக ஒண்ணுமே கிடைக்காதுன்னு நினைக்காதீங்க. நெறைய இருக்கு, ஆனா எல்லாமே வேற எதுக்கோ எழுதின காகிதத்துல இருக்கு, இன்சூரன்சுக்கு, லைசென்சுக்கு, அன்னிக்கு சாயங்காலம் ஷோவுக்கு ஆள் வரணும்னு போட்ட விளம்பரத்துல. அதுல எப்படி தேடணும்னு இத்தன வருஷத்துல நான் கத்துக்கிட்டத சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. தியேட்டர் பேர பிடிச்சுக்கிட்டு தேடாதீங்க, அந்த மனைய பிடிச்சுக்கிட்டு தேடுங்க. ஓனர் மாறினா பேர் மாறும், ரிப்பேர் பண்ணி மறுபடி தொறந்தா பேர் மாறும், ஒரே கட்டடம் நாப்பது வருஷத்துல நாலு பேர்ல ஓடியிருக்கும். கோயம்புத்தூர்ல சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல கட்டின வெரைட்டி ஹால் பிற்பாடு டிலைட் ஆயிடுச்சு, டிலைட்னு மட்டும் தேடுறவங்களுக்கு பழைய பாதி கதை கண்ணுலயே படாது, ஆனா அந்த ரோட்டுக்கு இன்னிக்கும் வெரைட்டி ஹால் ரோடுன்னுதான் பேர். இப்படி தெரு பேர்லயும் பஸ் ஸ்டாப் பேர்லயும் பழைய பேர் ஒட்டிக்கிட்டு நிக்கும், அத மொதல்ல குறிச்சுக்கோங்க. இதுக்கு நேர் எதிராவும் நடக்கும், பேர் அப்படியே இருக்கும் கட்டடம் வேறயா இருக்கும். நான் ஒரு தியேட்டரோட விளம்பரத்த 1920கள்ல இருந்து 1950கள் வரைக்கும் எடுத்து வெச்சு எல்லாம் ஒரே இடம்னே எழுதி முடிச்சுட்டேன், கடைசில ஒரு விளம்பரத்துல அட்ரஸ் இருந்துச்சு, பாத்தா பழசு தெருவோட ஒரு பக்கம், புதுசு எதிர் பக்கம். எழுதினதுல பாதிய மறுபடி பிரிச்சு எழுத வேண்டியதா போச்சு.

அட்ரஸ்லயும் ஒரு பெரிய குழி இருக்கு. கதவு எண் மாறியிருக்கும். சிகாகோ மாதிரி ஒரு பெரிய ஊர்லயே 1909-ல வீட்டு எண்ணையெல்லாம் மொத்தமா மாத்தினாங்க, அதனால 1908-ல போட்ட விளம்பரத்துல இருக்கற நம்பர எடுத்துக்கிட்டு இன்னிக்கு மேப்ல போட்டா வேற எங்கயோ கொண்டு போய் விட்டுடும். உங்க ஊர்ல எண் எப்ப மாறுச்சு, தெரு பேர் எப்ப மாறுச்சுன்னு பாத்துட்டு, பழைய நம்பர் புது நம்பர் ரெண்டையும் பக்கத்து பக்கத்துல எழுதி வெச்சுட்டு அப்புறம் அடுத்த வேலைக்கு போங்க.

இப்ப மேப். தீ இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக வரைஞ்ச மேப் மாதிரி நமக்கு உதவுறது எதுவும் இல்ல. அமெரிக்க ஊர்னா சான்பார்ன் மேப், 1867-ல இருந்து வரைஞ்சது, நெறைய ஷீட் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல இலவசமா பாக்கலாம். பிரிட்டன் ஊர்னா கோட் (Goad) கம்பெனி வரைஞ்ச மேப். சான்பார்ன் ஷீட்ல பெரும்பாலும் 50 அடிக்கு ஒரு இஞ்ச், அதனால ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியா தெரியும். பிங்க் கலர்னா செங்கல் கட்டடம், மஞ்சள்னா மரம். நம்ம தியேட்டர் இருந்த இடத்த பெருசு பண்ணி பாத்தீங்கன்னா மேடை எந்தப் பக்கம், பால்கனி இருக்கா, படம் ஓட்டற ரூம் எங்க இருக்குன்னு சின்ன எழுத்துல குறிச்சிருப்பாங்க. ஒரு விஷயம் கவனிங்க, இந்த ஷீட்ட திரும்ப திரும்ப அச்சடிக்க மாட்டாங்க, மாறின கட்டடத்த மட்டும் துண்டு காகிதத்துல வரைஞ்சு பழைய ஷீட் மேலயே ஒட்டிடுவாங்க. அந்த ஒட்டோட விளிம்பு ஸ்கேன்ல லேசா கோடு மாதிரி தெரியும். ஷீட் தலைப்புல இருக்கற வருஷம் அந்த ஒட்டுக்கு பொருந்தாது, ஒட்டு பிற்பாடு வந்தது. இத கவனிக்காம தியேட்டர் கட்டின வருஷத்த தப்பா போட்டவங்க நெறைய பேர்.

இன்சூரன்ஸ்காரங்களும் கவர்மென்ட்டும் தியேட்டர இப்படி கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாத்ததுக்கு காரணம் தீ. அப்ப இருந்த நைட்ரேட் ஃபிலிம் பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தினாலும் அணையாது. சட்டம்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னயே 1897-ல பாரிஸ்ல ஒரு தர்ம பஜார்ல புரொஜெக்டர் விளக்குல இருந்து பத்தின தீல 120 பேருக்கு மேல செத்துப் போயிருக்காங்க. பிரிட்டன்ல 1909-ல சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்ததே பாதுகாப்புக்குத்தான், 1910 ஜனவரில இருந்து படம் காட்டற இடத்துக்கு லைசென்ஸ் வேணும்னு ஆச்சு. இந்தியாவுல 1918-ல சட்டம் வந்துச்சு. இதுல நமக்கு என்ன லாபம்னா, லைசென்ஸ்னு ஒண்ணு வந்துட்டாலே ஃபைல்னு ஒண்ணு உண்டு, அதுல யார் பேர்ல லைசென்ஸ், எத்தன பேர் உக்காரலாம், எத்தன வாசல் எல்லாம் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தா பிளானும் இருக்கும். உள்ளூர் ஆவணக் காப்பகம், முனிசிபாலிட்டி, லைசென்ஸ் கொடுத்த ஆபீஸ் எல்லாத்துலயும் தனித்தனியா கேளுங்க. ஒரு ஆபீஸ்ல எனக்கு "அந்த ஃபைலெல்லாம் எப்பவோ கழிச்சாச்சு"ன்னு ஒரே வரில பதில் சொல்லிட்டாங்க, மனசு ரொம்ப கஷ்டமா போச்சு, அப்புறம் பாத்தா அதே பிளானோட இன்னொரு காப்பி கட்டட அனுமதி ஃபைல்ல பத்திரமா இருந்துச்சு. ஒரு எடத்துல இல்லன்னா இல்லவே இல்லன்னு அர்த்தம் இல்ல.

இருக்கறதுலயே அதிக நேரம் எடுக்கறதும் அதிகமா கொடுக்கறதும் பழைய பேப்பர்தான். அமெரிக்க பேப்பருக்கு குரோனிக்ளிங் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுக்கு ட்ரோவ், சிங்கப்பூருக்கு நியூஸ்பேப்பர்எஸ்ஜி, மூணும் இலவச இணையதளம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவுக்கு காசு கட்டணும். தமிழ் பத்திரிகைன்னா சென்னைல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இதுல தியேட்டர் பேர டைப் பண்ணி தேடினா பாதிதான் வரும், ஏன்னா சினிமா விளம்பரத்துல எழுத்து வளைஞ்சும் நெளிஞ்சும் படத்துக்கு நடுவுல இருக்கும், கம்ப்யூட்டருக்கு அத படிக்க தெரியாது. அதனால தெரு பேர போட்டு தேடுங்க, ஓனர் பேர போட்டு தேடுங்க, அந்த வருஷம் ஊரெல்லாம் ஓடின ஏதாவது ஒரு பெரிய படத்து பேர போட்டு தேடுங்க, அந்த விளம்பரம் இருக்கற பக்கத்துலயே மத்த தியேட்டர் விளம்பரமும் வரிசையா இருக்கும். அதுவும் வேலைக்கு ஆகலன்னா நான் பண்றது இதான், வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை பேப்பர மட்டும் எடுத்து சினிமா பக்கத்த கண்ணால பாத்துக்கிட்டே போறது. முப்பது வருஷத்துக்கு முப்பது பக்கம், ஒரே நாள்ல முடிஞ்சிடும். எந்த ரெண்டு வருஷத்துக்கு நடுவுல பேர் மாறுதோ மறையுதோ அந்த ஒரு வருஷத்த மட்டும் அப்புறம் வாரம் வாரமா பாத்தா போதும்.

தியேட்டர் தொறந்த நாளுக்கு முன்ன பின்ன ரெண்டு நாள் பேப்பர விடவே விடாதீங்க. தொறப்பு விழாவுக்கு முழு பக்கம் போடுவாங்க, அதுல சீட் சப்ளை பண்ணினவங்க, கார்பெட் போட்டவங்க, எலக்ட்ரிக் வேலை பாத்தவங்க, சிமெண்ட் கொடுத்தவங்கன்னு எல்லாரும் தனித்தனியா வாழ்த்து விளம்பரம் கொடுத்திருப்பாங்க. கட்டடம் வரைஞ்சவர் பேர், காண்ட்ராக்டர் பேர், சீட் எண்ணிக்கை எல்லாம் அந்த ஒரே பக்கத்துல கெடச்சிடும். மூடின தேதி இப்படி லேசா கெடைக்காது. கடைசி விளம்பரம் வந்த நாள்தான் கடைசி ஷோன்னு எழுதிடாதீங்க, வசூல் கொறஞ்ச தியேட்டர் மொதல்ல நிறுத்தறதே விளம்பரத்தத்தான், அதுக்கப்புறமும் வாசல்ல போஸ்டர் ஒட்டி மாசக்கணக்கா ஓட்டியிருப்பாங்க.

பேப்பருக்கு அடுத்தது சினிமா தொழில்காரங்களுக்காக வந்த பத்திரிகையும் ஆண்டு மலரும். அமெரிக்காவுல ஃபிலிம் டெய்லி இயர் புக்ல ஊர் வாரியா தியேட்டர் பட்டியலும் சீட் எண்ணிக்கையும் இருக்கும், பிரிட்டன்ல கினிமாட்டோகிராஃப் இயர் புக். மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரிங்கற இணையதளத்துல இந்த மாதிரி லட்சக்கணக்கான பக்கத்த லான்டர்ன்னு ஒரு தேடல் வசதி வெச்சு பாக்கலாம். இந்தியாவுக்கு ரங்காச்சாரியார் தலைமைல 1927-28ல நடந்த சினிமாட்டோகிராஃப் கமிட்டியோட அறிக்கை இருக்கு, அதுல தியேட்டர் முதலாளிங்க நேரா வந்து சொன்ன சாட்சியங்கள் தனித் தொகுதிகளா இருக்கு, கட்டாயம் படிங்க. ஆனா ஆண்டு மலர் பட்டியல அப்படியே நம்பிடக் கூடாது, போன வருஷ பட்டியலையே இந்த வருஷமும் அச்சடிச்சிருப்பாங்க, மூடின தியேட்டர் ரெண்டு மூணு வருஷம் பட்டியல்ல உயிரோட இருக்கும்.

இவ்வளவும் கையில வந்ததுக்கு அப்புறம் நேர்ல போங்க. முன்னாடி போனா எதப் பாக்கணும்னே தெரியாது. முகப்ப எல்லாரும் இடிச்சு மாத்திடுவாங்க, அதனால பின்பக்கமும் பக்கவாட்டு சந்தும்தான் முக்கியம். ஜன்னலே இல்லாத நீள சுவர், அதுல சம்பந்தமே இல்லாம செங்கல் வெச்சு அடைச்ச அகலமான வாசல், அதுதான் ஷோ விட்டதும் கூட்டம் வெளிய வந்த வழி. உள்ள விட்டாங்கன்னா மேடைக்கு எதிர் சுவர்ல ஒசரத்துல பாருங்க, வரிசையா ரெண்டு மூணு சின்ன சதுரம் பூசி அடைச்ச மாதிரி தெரிஞ்சா அங்கதான் புரொஜெக்டர் இருந்துச்சு. தரை ஒரு பக்கமா சரிஞ்சு இருக்கும், சமமாக்கிட்டாங்கன்னா கூட வாசல் படியோட ஒசரம் ஒத்துப் போகாது. சீட் புடுங்கின சிமெண்ட் தரைல போல்ட் ஓட்டை வளைஞ்ச வரிசையா இருக்கும், அத எண்ணியே எத்தன சீட்டுன்னு ஓரளவுக்கு கணக்கு போடலாம். டெட்ராய்ட்ல 1926-ல தொறந்த மிச்சிகன் தியேட்டர் இப்ப கார் பார்க்கிங், கார் நிக்குற இடத்துல தலைய தூக்கிப் பாத்தா சிற்ப வேலை பண்ணின கூரை இன்னும் மேல இருக்கு. லண்டன்ல டூட்டிங் கிரனடா தியேட்டர் 1931-ல தொறந்து 1973-ல படம் நிறுத்தி அப்புறம் பிங்கோங்கற நம்பர் விளையாட்டு ஆடற ஹால் ஆச்சு, உள் அலங்காரம் அப்படியே தப்பிச்சிடுச்சு. வேற எதுவா மாறுச்சுங்கறதும் வரலாறுதான், அதையும் சேர்த்து எழுதுங்க.

கடைசியா மனுஷங்க. டிக்கெட் கிழிச்சவர், கவுண்டர்ல உக்காந்தவங்க, முக்கியமா படம் ஓட்டின ஆபரேட்டர். வருஷம் கேக்காதீங்க, வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. உங்களுக்கு கல்யாணம் ஆகறதுக்கு முன்னயா பின்னயா, அப்ப திரை சதுரமா இருந்துச்சா அகலமா இருந்துச்சா, புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு கார்பன் குச்சி வெச்சு ஓட்டினீங்களா, இல்ல அதுக்கப்புறம் வந்த செனான் பல்ப் வந்துடுச்சா, இப்படி கேளுங்க. சினிமாஸ்கோப்ங்கற அகலத் திரை படம் 1953-ல வந்துச்சு, அதுக்கப்புறம்தான் தியேட்டர்காரங்க மேடை சுவர இடிச்சு திரைய அகலப்படுத்தினாங்க, அந்த வேலை அவருக்கு ஞாபகம் இருந்தா உங்களுக்கு ஒரு தேதி கெடச்ச மாதிரி. நான் பேசின ஒரு ஆபரேட்டர் ஐயா எதுவுமே ஞாபகம் இல்ல தம்பின்னுதான் ஆரம்பிச்சாரு. ரீல் எப்படி மாத்துவீங்கன்னு கேட்டதும் எழுந்து நின்னுட்டாரு. 2000 அடி ரீல்னா இருபது நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல ஓடும், முடியறப்போ திரையோட வலது மேல் மூலைல ஒரு புள்ளி வரும், மொத புள்ளிக்கு ரெண்டாவது மெஷின ஓட விடணும், அடுத்த புள்ளிக்கு படத்த இங்க அடைச்சு அங்க தொறக்கணும்னு ரெண்டு கையாலயும் காத்துல செஞ்சே காட்டினாரு. அப்படி காட்டறப்போதான் இடது பக்க மெஷின் பழசு, அடிக்கடி நின்னுடும், அத மாத்தின வருஷமே தியேட்டர் பேரையும் மாத்தினாங்கன்னு தானா வாயில வந்துச்சு. ஒரு வருஷமா நான் பேப்பர்ல தேடிட்டு இருந்த விஷயம் அது. பேசறத அனுமதி கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்க, அவங்க கைய வெச்சு காட்டறத முடிஞ்சா வீடியோவா எடுங்க.

எழுதறப்போ ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்துல அது எங்க இருந்து வந்துச்சுன்னு போட்டுடுங்க, எந்த பேப்பர் எந்த தேதி, எந்த மேப் எத்தனாவது ஷீட், யார் சொன்னது எப்ப சொன்னது. தேதி உறுதியா இல்லன்னா "1936 மார்ச்சுல விளம்பரம் இருக்கு, 1935 டிசம்பர்ல இல்ல"ன்னு அப்படியே எழுதுங்க, நடுவுல ஒரு தேதிய நீங்களா போடாதீங்க, ஒருத்தர் போட்ட தப்பு தேதிய பத்து பேர் எடுத்துப் போட்டு அதுவே உண்மையா நின்னுடும். யாராச்சும் பழைய டிக்கெட்டோ நோட்டீஸோ போட்டோவோ காட்டினா முன்பக்கம் மட்டும் இல்லாம பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணிட்டு அன்னிக்கே திருப்பிக் கொடுத்துடுங்க, பென்சில்ல எழுதின தேதி பின்பக்கத்துலதான் இருக்கும். எல்லாம் முடிஞ்சதும் ஒரு பிரிண்ட் எடுத்து அந்த ஏரியா லைப்ரரில கொடுங்க, பிரிட்டன்ல 1967-ல இருந்தும் அமெரிக்காவுல 1969-ல இருந்தும் பழைய தியேட்டருக்குன்னே சங்கங்க இருக்கு, அந்த ஊர் தியேட்டர்னா அவங்களுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, பேசின ஆபரேட்டர் வீட்டுக்கும் ஒண்ணு நேர்ல கொண்டு போய் கொடுங்க. அவர் படிச்சுப் பாத்து ரெண்டு எடத்துல திருத்தம் சொல்லுவாரு, அதுக்குன்னு பக்கத்து ஓரத்துல நல்லா இடம் விட்டு பிரிண்ட் எடுங்க.