காரைக் களிமண்ணில் புதைவின் வரிசையைப் படிப்பது எப்படி

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் மழைநீர் அரித்து ஓடைகளாக்கிவிட்ட களிமண் மேடுகள், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரெட்டேசியக் காலக் கடலடியில் படிந்த சேறு. அச்சேறு இறுகியதும் அதிலிருந்த கனிமங்கள் வேறாக மாறியதும் புதைந்த பிறகே. நிலவியலார் டயாஜெனிசிஸ் என்று கூறும் இம்மாற்றங்களை ஓரளவு களத்திலேயே அறியலாம். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், பேனாக்கத்தி, சிறு குப்பியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு குவளைத் தண்ணீர் ஆகியவை போதும். கனிமத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. எது முந்தியது, எது பிந்தியது என்பதை முடிவுசெய்வதுதான் உண்மையான வேலை.

முதலில் கண்ணில் படுவது ஜிப்சம். வெயிலில் கண்ணாடிச் சில்லாக மின்னும் அதைத் தொடக்கத்தில் நானும் கால்சைட் (கால்சியம் கார்பனேட்டுப் படிகம்) என்றே எண்ணினேன். நகத்தால் கீறினால் கோடு விழுந்து, அமிலத்துளி பட்டும் நுரைக்காவிட்டால் அது ஜிப்சம். கால்சைட் நகத்துக்குப் பணியாது, அமிலத்தில் சீறும். அடுத்து, ஜிப்சத் தகடு களிமண் அடுக்கின் வழியே செல்கிறதா, அடுக்கைக் குறுக்கே வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டினால், அடுக்கு உருவான பின்னர் விரிசலில் அது படிந்திருக்கிறது. ஆக்சிசன் இல்லாத சேற்றில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களால் பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு உருவாகும்; பாறை மேலெழுந்து காற்றும் மழைநீரும் பட்டதும் அந்தப் பைரைட் சிதைந்து கந்தக அமிலத்தைத் தரும்; அவ்வமிலம் சிப்பிச் சுண்ணாம்புடன் வினைபுரிய ஜிப்சம் விளையும். பழைய கடல் வற்றிய உப்பு என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

பிறகு உயிரெச்சங்களுக்கு வரலாம். காரையில் புகைக்கும் சுருட்டின் வடிவிலுள்ள பெலம்னைட்டுகள் (கணவாயை ஒத்த, அழிந்துபோன கடலுயிரின் எச்சங்கள்) ஏராளமாகக் கிடைக்கின்றன. உடைந்த முனையொன்றை லென்ஸில் நோக்கினால், நடுப்புள்ளியிலிருந்து சக்கர ஆரங்களைப் போல் விரியும் கால்சைட் இழைகள் தெரியும். கால்சைட் நிலையானது, ஆதலால் அந்த இழையமைப்பு இன்றும் எஞ்சியுள்ளது. சுருள் ஓடுடைய அழிந்துபோன கடலுயிரான அம்மோனைட்டின் ஓடோ அரகோனைட்டால் ஆனது. அதே கால்சியம் கார்பனேட்டுதான் என்றாலும் படிக அமைப்பு வேறு. நிலத்தடி நீரில் அது எளிதில் கரைந்துபோகும், அல்லது கால்சைட்டாக மாறும். ஓடு மறைந்து அச்சு மட்டும் எஞ்சியிருந்தால், சேறு வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இறுகிய பிறகே ஓடு கரைந்தது என்று கொள்ளலாம். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த கிரைபியாச் சிப்பிகள் மலிந்திருப்பதற்கும், அவற்றின் ஓடு கால்சைட்டாக இருந்தது ஒரு காரணம்.

களிமண்ணிடையே கடினமான உருண்டைகள் கிடைத்தால், அவற்றைப் பெயர்த்தெடுக்கும் முன் சுற்றியுள்ள அடுக்குகளைக் கவனிக்க வேண்டும். புதிய சேற்றின் பருமனில் 60 முதல் 80 விழுக்காடு வரை நீரே இருக்கக்கூடும். மேற்சுமை அதைப் பிழிந்தெடுக்கும்போது அடுக்குகள் மெலியும். அவை உருண்டையைச் சுற்றி வளைந்து சென்றால், சேறு இறுகும் முன்பே உருண்டை கெட்டிப்பட்டுவிட்டது. வளையாமல் அதனூடே நேராகச் சென்றால், அது பின்னர் விளைந்தது. உருண்டையைப் பிடுங்கிவிட்டால் இந்தச் சான்று போய்விடும்.

புதைந்த ஆழத்தை ஊகிக்க, உலர்ந்த களிமண் துண்டொன்றைத் தண்ணீரில் இடலாம். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி உயரும். நீர் பட்டால் உப்பிப் பெருகும் ஸ்மெக்டைட் என்னும் களிமண் கனிமம், 60 முதல் 100 டிகிரியளவில், அவ்வாறு உப்பாத இல்லைட் என்னும் கனிமமாக மாறத் தொடங்கும். துண்டு உப்பிச் சில நிமிடங்களில் குழைந்தால், அது அவ்வளவு வெப்பத்தைக் கண்டிருக்க வாய்ப்பு குறைவு. இது குறிப்பு மட்டுமே. உறுதிப்படுத்த எக்ஸ்-கதிர் சோதனை வேண்டும்.

அருகிலுள்ள சாத்தனூரில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அறிவித்த, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. அங்கே சுத்தியலுக்கு வேலையில்லை, பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இத்தகைய கல்மரத்தில் மரத்தின் இழையமைப்பு தெரிந்தால், திசு மட்கும் முன் நீரில் கரைந்த சிலிக்கா உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு மாதிரிக்கும் கண்டவற்றை முந்தியதிலிருந்து பிந்தியது வரை எழுதுக. ஒன்றையொன்று வெட்டாத, வளைக்காத இரு தடயங்களுக்கிடையே வரிசை எண் இடாமல், ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும்.