விட்ட நாளுக்கு மறுநாள்: தினமும் எழுத ஆசைப்படுபவர்கள் செய்யும் தவறுகள்

நகைக்கடையிலோ மருந்துக் கடையிலோ வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி ஒன்று அநேகமாக எல்லார் வீட்டிலும் இருக்கும். புரட்டிப் பார்த்தால் ஜனவரி 1 அன்று பக்கம் கொள்ளாமல் ஓரத்திலெல்லாம் எழுதியிருக்கும். இரண்டாம் தேதி முக்கால் பக்கம். பொங்கல் வரை எப்படியோ ஓடியிருக்கும். அதற்குப் பிறகு வெள்ளைத்தாள். மார்ச்சில் பால் கணக்கு ஆரம்பித்திருக்கும்.

கும்பகோணத்தில் சனிக்கிழமை மாலைகளில், கதை எழுத விரும்பும் சிலரோடு உட்கார்ந்து வருகிறேன். தையல் கடை வைத்திருப்பவர், ஓய்வு பெற்ற கண்டக்டர், கல்லூரி மாணவிகள் என்று ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஆறு வருஷமாகப் பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. எழுத்தைப் பாதியில் விட்டவர்களில் ஆசை வற்றிப்போனவர் ஒருவர்கூட இல்லை. ஏதோ ஒரு நாள் எழுத முடியாமல் போயிருக்கிறது. மறுநாள் எப்படித் திரும்பி வருவது என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். நான் இங்கே சொல்லப்போகிற தவறுகள் எல்லாமே அந்த மறுநாளைக் கடினமாக்குகிறவை.

இருபத்தொரு நாள் என்ற கணக்கு

"இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த எண் பிரபலமானது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல் எழுதிய புத்தகத்தால். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்துபோயிற்று.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010ல் இதழில் வெளிவந்த ஒரு ஆய்வில் வேறு கணக்குச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், தினமும் கொஞ்சம் ஓட்டம் என்று ஆளுக்கு ஒரு காரியம். அது தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுவாக 66 நாள் ஆயிற்று. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு (12 வாரத்துக்கு மேல் போனதால் கணக்குப் போட்டுப் பார்த்ததில்) 254 நாள் என்ற அளவுக்கு வித்தியாசம் இருந்தது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. கதை எழுதுவது தண்ணீர் குடிப்பதைவிடக் கடினமான காரியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே இருபத்திரண்டாம் நாளும் நோட்டைத் திறக்க மனசு வரவில்லை என்றால் உங்களிடம் எந்தக் குறையும் இல்லை.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறு. நடுவில் ஒரு நாள் தவறவிட்டதால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. டைரியை ஜனவரி பதினைந்தோடு மூடி வைத்த எல்லாரிடமும் இதைச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

ஆங்கிலக் கணக்கில் தமிழ் எழுதுவது

1999ல் அமெரிக்காவில் தொடங்கி, நடத்திய அமைப்பு 2025ல் மூடப்படும்வரை நடந்த "நவம்பர் நாவல் மாதம்", ஒரே மாதத்தில் ஒரு நாவல் எழுதி முடிக்கும் சவால். இலக்கு 50,000 சொல். நாளொன்றுக்கு 1,667. நம் பிள்ளைகள் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு தமிழில் உட்காருகிறார்கள், நான்காம் நாள் களைத்துப்போகிறார்கள். "போகவேண்டியிருந்ததால்" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஐந்து சொற்களாவது வேண்டும். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி இது. ஆயிரத்து அறுநூறு தமிழ்ச் சொல் என்பது அதே எண்ணிக்கை ஆங்கிலச் சொல்லைவிட மிக நீளமான ஒன்று.

இலக்கை எண்ணில் வைப்பதே தவறென்று சொல்லவில்லை. உங்களுடைய மிகச் சிறந்த நாளைப் பார்த்து அதை வைப்பதுதான் தவறு. மழை பெய்து பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாளில் நான்கு பக்கம் வந்திருக்கும். அதையே தினசரி அளவாக்கினால், விருந்தாளி வந்த நாள், தலைவலி வந்த நாள், மின்வெட்டு நாள் எல்லாம் தோற்ற நாளாகிவிடும். மோசமான நாளில் எவ்வளவு முடியுமோ அதுதான் உங்கள் அளவு. எங்கள் கண்டக்டர் ஐயா நோட்டில் அரைப் பக்கம் என்று வைத்திருக்கிறார். மூன்று வருஷத்தில் பதினெட்டுச் சிறுகதை முடித்திருக்கிறார்.

மனநிலைக்காகக் காத்திருப்பது

இதில் நம் ஊரில் ஒரு ஆழமான நம்பிக்கை இருக்கிறது. எழுத்து "வர வேண்டும்", அருள் மாதிரி இறங்க வேண்டும், வற்புறுத்தினால் செத்துப்போகும் என்பார்கள். ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதையே சோதித்தது. எழுத்தில் சிக்கித் திணறிய 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு அவசியம் இருந்தால் ஒழிய எழுதக்கூடாது. இன்னொன்று மனம் வரும்போது எழுதலாம். மூன்றாவது குழு தினமும் எழுதியே ஆகவேண்டும், எழுதாவிட்டால் தங்களுக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்குப் பணம் போய்விடும். மூன்றாவது குழு அதிகப் பக்கம் எழுதியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்களும் அவர்களுக்குத்தான் அதிகமாக வந்தன. மனம் வரட்டும் என்று காத்திருந்தவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சிறு குழுதான், அவர்கள் எழுதியதும் கதை அல்ல. ஆனாலும் சனிக்கிழமைகளில் நான் கண்டதோடு இது சரியாகப் பொருந்துகிறது. உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆனபிறகுதான் எண்ணம் வருகிறது. அந்தப் பத்து நிமிஷம் உட்காராதவருக்கு அது வருவதற்கு வழியே இல்லை.

காலி செய்துவிட்டு எழுந்திருப்பது

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றி. நன்றாகப் போகிற நாளில், இருப்பதை எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டு நிம்மதியாக எழுந்திருப்போம். அன்று இரவு சந்தோஷமாக இருக்கும். மறுநாள் நோட்டைத் திறந்தால் சுவர். அடுத்து என்ன என்று ஒன்றுமே இருக்காது. இரண்டு நாள் அந்தச் சுவரைப் பார்த்தால் மூன்றாம் நாள் நோட்டைத் திறக்கவே கை வராது.

அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிகிற இடத்திலேயே அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும் என்று எர்னஸ்ட் ஹெமிங்வே 1958ல் வெளியான பேட்டியில் சொல்லியிருக்கிறார். நம் பாட்டிமார் இதை வேறு விதத்தில் செய்தார்கள். தயிர் முழுவதையும் காலி செய்யமாட்டார்கள், அடுத்த நாள் உறை ஊற்ற ஒரு கரண்டி எடுத்து வைப்பார்கள். எழுத்துக்கும் அந்தக் கரண்டி வேண்டும்.

செய்முறை எளிது. வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள். "கதவைத் திறந்தபோது அத்தை கையில்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுங்கள். கையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த வாக்கியம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பாதியில் விடப் பிடிக்காதவர்கள், பக்கத்தின் அடியில் பென்சிலால் நாளைக்கு என்ன என்று ஒரே வரி எழுதி வைக்கலாம். "நாளை: மாமா பணம் கேட்கிறார், அவள் பொய் சொல்கிறாள்." அது போதும்.

ஆண்டனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே காலை ஐந்தரைக்கு எழுத உட்கார்ந்தவர். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினார் என்பதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 47 நாவல் எழுதியவர் என்பதால் அந்த எண்ணின்மேல் ஒரு மயக்கம். அவர் தன் சுயசரிதையில் சொன்ன இன்னும் இரண்டு விஷயத்தைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பாராம், அதுதான் அவருக்கு உள்ளே போகும் வாசல். இன்னொன்று, காலையில் காபியோடு வந்து தன்னை எழுப்ப வயதான வேலையாள் ஒருவருக்கு வருஷம் ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருப்பதாகவும் எழுதினார். நமக்கு வேலையாள் கிடையாது. "இன்னிக்கு எழுதுனியாக்கா?" என்று ராத்திரி ஒன்பதுக்கு ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பும் தோழி ஒருத்தி இருந்தால் போதும்.

எழுதும்போதே திருத்துவது

தமிழில் இது தனிக் கொடுமை. ஒற்று மிகுமா மிகாதா, சின்ன ரவா பெரிய றவா, இந்த இடத்தில் மூன்று சுழியா இரண்டு சுழியா என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி எல்லாம் பேனா முனையில் வந்து நிற்கும். ஒற்றைப் பற்றி யோசித்துத் தலை நிமிரும்போது, அத்தை கையில் என்ன வைத்திருந்தாள் என்பது மறந்துபோயிருக்கும். முதல் முறை எழுதுவதில் பிழை இருக்கட்டும். சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிழை பார்ப்பதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்தது மேடைத் தமிழ். வீட்டில் "ஏன்டா, சோறு தின்னியா" என்று கேட்கிற அம்மா, கதைக்குள் வந்ததும் "மகனே, உணவு உண்டாயா" என்கிறாள். எழுதுகிறவருக்கே அவள் யாரென்று தெரியாமல் போகிறது, கதை உயிரில்லாமல் கிடக்கிறது, உற்சாகம் போய்விடுகிறது. காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதுங்கள். போனில் பேசி அதை எழுத்தாக்கிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். நம் வட்டாரப் பேச்சை போன் பல நேரம் தானாகத் திருத்திவிடுகிறது.

ஊருக்கெல்லாம் அறிவிப்பது

"இன்று முதல் தினமும் எழுதப் போகிறேன்" என்று ஸ்டேட்டஸ் வைத்தால் ஐம்பது வாழ்த்து வரும். எழுதி முடித்த நிறைவில் ஒரு பங்கு அப்போதே கிடைத்துவிடும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2009ல் வெளியிட்ட ஆய்வில், "நான் இன்னாராக ஆகப்போகிறேன்" என்ற எண்ணத்தைப் பிறர் அறிந்துகொண்டபோது அதற்கான உழைப்பு குறைந்ததைக் காட்டினார்கள். கேள்வி கேட்கிற ஒருவரிடம் சொல்லுங்கள், கைதட்டுகிற நூறு பேரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பெரியவர்களோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோவதும் இங்கேதான் தொடங்குகிறது. ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை தினம் ஒரு அத்தியாயமாக 26 நாவல்கள் கொண்ட வெண்முரசை எழுதினார். எங்கள் குழுவில் ஒரு மாணவி அதைச் சொல்லி அழுதேவிட்டாள், "என்னால நாலு வரிகூட முடியலையே மிஸ்" என்று. அவர் அதற்கு முன்னே பல பத்தாண்டுகள் எழுதியவர் என்றேன். அந்த வரிசையிலும் ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விட்டார் என்றேன். இரண்டாவதுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒன்றும் தோன்றாத நாள்

பொருள் தேடி அலைய வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761 ஜனவரியில் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யாரோடு யாருக்குச் சண்டை, ஊரில் என்ன வதந்தி என்று அன்றன்று கண்டதும் கேட்டதும். இன்றைக்கு அந்தக் கால ஊரையே அதிலிருந்து எழுப்பிவிடலாம். கதை வராத நாளில் அன்று கேட்ட ஒரு பேச்சை, சந்தையில் கண்ட ஒரு விலையை எழுதுங்கள். உங்கள் அரைப் பக்கத்தில் அதுவும் சேரும்.

ஈடு கட்டுவது

"நேற்று விட்டேன், இன்று இரண்டு பங்கு எழுதிவிடுகிறேன்." கேட்க நல்ல பிள்ளைப் பேச்சாக இருக்கும். ஆனால் மூன்று நாள் விட்டவர் நான்காம் நாள் நான்கு பங்கு எழுத வேண்டும். கந்துவட்டி மாதிரி ஏறிக்கொண்டே போய், கடன்காரனைக் கண்டு ஒளிவதுபோல நோட்டைக் கண்டு ஒளிய ஆரம்பிப்போம். விட்ட நாள் விட்டதுதான். அதற்கு ஈடு கிடையாது, தண்டனையும் கிடையாது.

இதனால்தான் தொடர்ந்து எத்தனை நாள் என்று எண்ணும் ஆப்கள் எனக்குப் பிடிப்பதில்லை. நாற்பத்தொன்றாம் நாள் அறுந்ததும் அது பூஜ்யம் காட்டும், முந்தைய நாற்பது நாளும் வீண் என்று தோன்றிவிடும். சமையலறை மாதக் காலண்டரில் எழுதிய நாளுக்கு ஒரு டிக் போடுங்கள். மாசக் கடைசியில் எண்ணுங்கள். இந்த மாதம் 17, போன மாதம் 14. எதுவும் அறுந்துபோவதில்லை.

என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒரு எழுத்து எழுதவில்லை. வீட்டுக்கு வந்த இரவு, விட்ட நாட்களை நினைக்காமல் தேதியைப் போட்டு ஒரு வரி எழுதினேன்: "விடியக்காலை வராண்டாவில் யாரோ டிபன் கேரியர் கழுவுகிற சத்தம்." அன்று அவ்வளவுதான் முடிந்தது.

தையல் கடைக்காரம்மா தீபாவளித் துணி நெருக்கடியில் நாற்பது நாள் வரவில்லை. திரும்பி வந்த சனிக்கிழமை நோட்டை எடுக்கத் தயங்கினார். தேதி மட்டும் எழுதுங்கம்மா என்றேன். எழுதினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதன் கீழே, "ஒரு பாப்பா சட்டைக்கு வாங்கின துணி அப்படியே இருக்கு, யாரும் கேட்டு வரல" என்று எழுதினார். அடுத்த வாரம் அது ஒன்றரைப் பக்கமாகியிருந்தது. கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே பாதியில் விட்டிருந்தார்.