நைரோபியில் நண்பர் வீடு, மாசாய் மாராவில் சஃபாரி: போகுமுன் செய்ய வேண்டியவை

கென்யாவின் தலைநகர் நைரோபியில் நண்பர் இருந்தால், அந்நாட்டின் வனவிலங்குக் காப்பகமான மாசாய் மாரா பயணத்தின் பாதி வேலையை அவர் வீட்டிலேயே முடித்துவிடலாம். போனதும் 2 நாள் அவர் வீடு, பிறகு 3 இரவு மாரா, மிச்ச நாள் மறுபடி நைரோபி. இந்த வரிசைதான் தோது. விமானம் இறங்கிய கையோடு மாராவுக்கு ஓடினால், முதல் நாள் சஃபாரி தூக்கக் கலக்கத்திலேயே போய்விடும்.

ஊசியிலிருந்து தொடங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் அட்டையை இந்தியா திரும்பும்போது விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். பெட்டி கைக்கு வருவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள் என்பதால், அட்டை பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும்.

2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி, ஆன்லைனில் வாங்க வேண்டும். நண்பர் வீட்டில் தங்குவதானால் அவருடைய அழைப்புக் கடிதமும் அடையாள அட்டை நகலும் கையில் இருக்கட்டும்.

ஊறுகாயை நாலு பிளாஸ்டிக் கவரில் சுற்றும் பழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. இறுக்கமான மூடி போட்ட டப்பா, மேலே பழைய வேட்டித் துணி, போதும். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறு விமானத்தில் போவதானால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையில். பெரிய சூட்கேஸை நண்பர் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

சாலை வழியென்றால் நாரோக் என்ற ஊர் வழியாக 5, 6 மணி நேரம். நண்பரின் சின்ன காரை நம்பிக் கிளம்ப வேண்டாம். மாரா மண் நம்ம ஊர் கரிசல் மாதிரிதான்: காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், ஒரு மழை பெய்தால் சக்கரத்தில் களியாய் அப்பிக்கொள்ளும். கூரை திறக்கும் லேண்ட் குரூஸரை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர்; ஜூலை முதல் டிசம்பர் வரை 200. கென்யாவில் வசிக்கும் நண்பருக்குக் கட்டணம் குறைவு, ஆனால் அதற்கான அட்டையை அவர் மறக்காமல் எடுத்து வர வேண்டும். வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரைதான் காலம். சிங்கமும் யானையும் போதுமென்றால் பிப்ரவரியில் போய் நுழைவுக் கட்டணத்தில் பாதியை மிச்சம் பிடிக்கலாம்.

படமெடுக்க முக்காலி வண்டிக்குள் உதவாது. அதற்குப் பதில் கேமரா லென்ஸைத் தாங்க ஒரு முழம் நீளத்துக்குத் துணிப்பை தைத்துக் காலியாக எடுத்துப் போங்கள். நண்பர் வீட்டில் 2 கிலோ அரிசி வாங்கி, முக்கால் பை நிரப்பி வாயைத் தைத்துவிடுங்கள். முழுக்க நிரப்பினால் பை கல்லாகிவிடும், லென்ஸ் உருளும். முக்கால் பை என்றால் லென்ஸ் அதில் பதிந்து உட்காரும். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு எடுங்கள். அந்த அதிர்வில்தான் பாதிப் படங்கள் கலங்குகின்றன. திரும்பும்போது அரிசி நண்பரின் அடுப்படிக்கு.

நேரம் பேசும்போது கவனம். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில், நம் நாழிகைக் கணக்கைப் போல, சூரிய உதயத்திலிருந்து மணி எண்ணுவார்கள். ‘சா மோஜா’ என்றால் சொல்லுக்குச் சொல் 1 மணி, ஆனால் நம் கடிகாரத்தில் காலை 7. இந்த 6 மணி வித்தியாசத்தில் விடியற்கால சஃபாரி தவறிப்போகலாம். ஓட்டுநரிடம் ஆங்கிலத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும். கருநீல, கறுப்பு உடைகள் கடிக்கும் செட்ஸி ஈயை இழுக்கும். காக்கி, பழுப்பு நல்லது.

மலேரியா மாத்திரையை மருத்துவரைக் கேட்டு எடுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் மாராவை விட்டு வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். கல்லீரலில் பதுங்கும் கிருமி பிறகுதான் ரத்தத்துக்கு வரும் என்பதால், ஊர் வந்ததும் நிறுத்தினால் காய்ச்சலை வரவழைத்துக்கொள்வதாகிவிடும். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்கா போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.