கன்று பால் குடிக்கவில்லையா? வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள்

பிறந்த கன்று புட்டிப் பாலைச் சீண்டவில்லை என்றால் பலரும் செய்வது ஒன்றுதான்: தலையை அண்ணாத்திப் பிடித்து, மூங்கில் குழாயிலோ பீர் பாட்டிலிலோ பாலை ஊற்றுவது. சப்பத் தெம்பில்லாத கன்றுக்குச் சரியாக விழுங்கவும் தெம்பிருக்காது. பால் மூச்சுக்குழாயில் இறங்கும். அடுத்த சில நாளில் இருமல், மூச்சிரைப்பு, நிமோனியா.

முதலில் விரலைக் கழுவி வாய்க்குள் விடுங்கள். நாக்கு விரலைச் சுற்றி இழுத்தால் குடிக்கப் பழக்குவதுதான் பாக்கி. வாய் சில்லென்று இருந்து, விரலைச் சப்பாமலும் கிடந்தால் பாலைத் தள்ளி வையுங்கள். கன்றின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 100க்குக் கீழே போகப் போகக் கன்றுக்குச் சப்பும் தெம்பு குறையும். காய்ந்த சாக்கால் நன்றாகத் தேய்த்து, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி அணைத்து வைத்து, உடம்பு சூடேறிய பிறகுதான் பால்.

சப்புகிற கன்றைச் சுவர் மூலையில் பின்புறம் ஒட்ட நிறுத்துங்கள். விரலைச் சப்பும்போதே நிப்பிளை நுழைத்து, விரலை மெல்ல உருவுங்கள். வாலடியைச் சொறிந்துவிட்டால் தாய் நக்குகிற மாதிரி இருக்கும், முட்டி முட்டிக் குடிக்கும். கழுத்து நீண்டிருக்கலாம், மூக்கு கண்ணுக்கு மேலே போகக் கூடாது. சீக்கிரம் குடிக்கட்டும் என்று நிப்பிள் ஓட்டையைக் கத்தரியால் பெரிதாக்குவதும் புரையேற்றத்தான் செய்யும். புட்டியைக் கவிழ்த்தால் சொட்ட வேண்டும். ஒழுகினால் நிப்பிளை மாற்றுங்கள். பால் மணிக்கட்டில் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும், ஆறிப்போனால் பல கன்றுகள் தொடாது.

நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பாலைத் தாமதிப்பது நம் ஊரில் இன்னும் ஒழியாத தவறு. சீம்பாலின் எதிர்ப்புச் சக்தியைக் குடல் ஏற்பது மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது பல தடவையாகப் போக வேண்டும்.

கழிச்சல் கண்டால் பாலை நிறுத்துவதும், தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வதும் கன்றை மேலும் வாட்டும். பால் பாலாகவே இருக்கட்டும். உப்பு சர்க்கரைக் கரைசலைத் தனியாக, இடைவேளையில் கொடுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் மடிந்தே நின்றாலோ, கண் குழி விழுந்தாலோ, இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காவிட்டாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பால் செலுத்துவது அவர் கைவேலை, நீங்கள் முயலாதீர்கள்.