வன்னி வெயிலில் ஓர்கிட் வளர்க்கலாம்: முதல் செடி வாங்குபவர்களுக்கு

பேராதனைப் பூங்காவில் ஓர்கிட் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு ஒரு செடி வாங்கி வருவோம். சோளகக் காற்றில் அது காய்ந்துவிடும், தப்பினால் மாரியில் அழுகிவிடும். "எங்கட இடத்துக்கு இது சரிவராது" என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். சரிவரும். மலைநாட்டுக்காகச் சொல்லப்படும் தண்ணீர்க் கணக்கை மட்டும் இங்கே அப்படியே பின்பற்றக்கூடாது.

1. செடியைத் தெரிவு செய்தல்

முதல் செடி டென்ட்ரோபியம் என்ற ஓர்கிட் வகையாக இருக்கட்டும். வெக்கையைத் தாங்கும், கொஞ்சம் மறந்தாலும் மன்னிக்கும். வண்டா என்ற வகைக்கும் எங்கள் வெயில் பிடிக்கும், ஆனால் தினமும் கவனிக்க வேண்டும். பலனொப்சிஸ் அழகுதான், அதை அப்புறம் பார்க்கலாம்.

வன்னிக் காட்டு மரங்களிலும் ஓர்கிட் உண்டு. கட்டம் போட்ட பழுப்பு இதழும் நல்ல வாசமும் உள்ள வண்டா டெசலேட்டா அதில் ஒன்று. தயவுசெய்து அதைப் பிடுங்கி வராதீர்கள். மரத்தை விட்டுப் பிரித்தால் பெரும்பாலும் பிழைக்காது. காப்புக்காட்டில் செடி எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட.

2. சாடி

மண் வேண்டாம், எருவும் வேண்டாம். பக்கங்களில் ஓட்டையுள்ள மண்சாடியில் அடியில் உடைந்த ஓட்டுத்துண்டுகளும், மேலே விறகுக்கரியும் தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளும் போடுங்கள். பொச்சை சில நாட்கள் ஊறவைத்து, நிறத்தண்ணீர் போகும்வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். செடி ஆடாமல் இருக்க ஒரு தடியோடு கட்டிவிடுங்கள். ஆடினால் புது வேர் பிடிக்காது.

3. வெளிச்சம்

காலை ஒன்பது மணிவரை வெயில் படும் கிழக்குப் பக்கம் நல்லது. அதற்குப் பிறகு மாமர நிழலோ 50 சதவீத நிழல்வலையோ வேண்டும். கரும்பச்சை இலை என்றால் வெளிச்சம் போதாது, பூவும் வராது. வெளிர்பச்சை சரியானது. பழுப்பாகப் பொசுங்கினால் உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

4. தண்ணீர்

எங்கள் ஊர்களில் செடிகள் சாவது பெரும்பாலும் இதில்தான். வேரைக் கிட்டப் பார்த்துப் பழகுங்கள். காய்ந்த வேர் சாம்பல் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் பட்டதும் கண்முன்னே பச்சையாக மாறும். அந்த வெள்ளைத் தோல் பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சி, பிறகு காற்றில் உலர வேண்டும். நாள்முழுக்க பச்சையாகவே நின்றால் வேர் அழுகும். விரலால் நசுக்கினால் தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சுகிற வேர் செத்த வேர், அதை வெட்டிவிடுங்கள்.

வைகாசி முதல் புரட்டாதி வரை, சோளகம் வீசும் காலத்தில், தினமும் காலையில் நனையுங்கள். வண்டாவுக்கு மாலை நாலு மணிக்கும் ஒருமுறை. சாடிக்குக் கீழே ஈரமணல் தட்டு வைத்தால் ஈரப்பதன் கூடும், ஆனால் சாடியின் அடி தண்ணீரில் நிற்கக்கூடாது. ஐப்பசியில் மாரி தொடங்கியதும் தாழ்வாரத்துக்குள் எடுங்கள். அப்போது வேர் வெள்ளையாகும்வரை தண்ணீரே வேண்டாம். குருத்துக்குள் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுங்கள்.

இன்னொன்று, கிணற்றுத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது உங்கள் வீட்டிலும் உண்டென்றால், அதே உப்பு வேரிலும் படியும். மாரியில் பீலித் தண்ணீரைப் பரலில் பிடித்து மூடி வையுங்கள். நுளம்பு வராமல் வலை கட்டுங்கள். தினமும் ஊற்றக் காணாது, வாரம் ஒருமுறை உப்பைக் கழுவிவிடவும் உரம் கரைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. உரம்

மண்ணில்லாமல் வளர்க்கும் செடிகளுக்கான அல்பேட் கரைசலோ, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 20-20-20 உரமோ, ஒரு லீற்றருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீரால் நனைத்த பிறகே தெளியுங்கள். காய்ந்த வேரில் உரம் பட்டால் கருகும்.

6. பூத்த பிறகு

பூக்காம்பு காய்ந்தால் அதை மட்டும் வெட்டுங்கள். டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்டவேண்டாம். அதில் சேமித்த உணவைத்தான் புதுத் தண்டு குடிக்கிறது, சிலவேளை அதே தண்டு திரும்பவும் பூக்கும். தண்டின் கணுவில் குட்டிச்செடி முளைத்தால் அவசரப்படாதீர்கள். அதன் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும், சுத்தமான கத்தியால் வெட்டி, கரி போட்ட சின்னச் சாடியில் வையுங்கள்.